வீட்டுக் கணினியில் லக்ஸ்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

ஏழு வருடமாக என் வீட்டுக் கணினியின் டிஸ்க் முழுவதும் லக்ஸ் பூட்டுக்குள்தான் இருக்கிறது. இந்த ஏழு வருடத்தில் இரண்டு முறை அது பூட் ஆகாமல் கறுப்புத் திரையோடு நின்றிருக்கிறது, நான் அமைத்துக் கொடுத்த என் தங்கையின் மடிக்கணினி ஒரு முறை நின்றது. மூன்று முறையும் ஒரு கோப்புகூடத் தொலையவில்லை. ஆனால் மூன்று முறையும் முதல் பத்து நிமிடம் வயிற்றில் புளியைக் கரைத்தது. அதனால் "இதைப் போடலாமா?" என்று கேட்பவர்களிடம் போடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. போடுங்கள், ஆனால் சாவிகளை எப்படி வைத்துக்கொள்வது, பூட் ஆகும் வழியில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

லக்ஸ் என்பது லினக்ஸில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் முறை, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் முறை. கிளெமென்ஸ் ஃப்ரூவிர்த் என்பவர் 2004-ல் உருவாக்கியது. இதை இயக்கும் கருவி கிரிப்ட்செட்டப். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யட்டுமா என்று ஒரு கட்டம் வருமே, அதில் டிக் அடித்தால் பின்னால் ஓடுவது பெரும்பாலும் இதுதான். 2017 டிசம்பரில் கிரிப்ட்செட்டப் 2.0-வோடு லக்ஸ்2 என்ற புதிய வடிவம் வந்தது. நான் எழுதுவது அதைப் பற்றி. வேகம் குறையுமா என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். இப்போதைய செயலிகளில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையின் கணக்கைப் போட வன்பொருளிலேயே வசதி இருப்பதால் அன்றாட வேலையில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவ்வளவுதான், அதைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சாவிகளை வைத்திருக்கும் விதம். நாம் தட்டும் கடவுச்சொல் டிஸ்க்கை நேரடியாகத் திறப்பதில்லை. டிஸ்க்கைப் பூட்டுவது நிறுவும்போது கணினியே தற்போக்காக உருவாக்கிய ஒரு மூலச் சாவி. அந்த மூலச் சாவி டிஸ்க்கின் ஆரம்பத்தில், ஹெடர் என்ற பகுதியில், தனித்தனி ஸ்லாட்டுகளில் தனித்தனியாகப் பூட்டப்பட்டிருக்கும். நம் கடவுச்சொல் திறப்பது ஒரு ஸ்லாட்டை மட்டும்தான். ஒரே இரும்புப் பெட்டியின் சாவியை நாலு சின்னப் பெட்டிகளில் வைத்து, நாலு பேரிடம் நாலு வேறு பூட்டுச்சாவி கொடுத்த மாதிரி. பழைய லக்ஸ்1-ல் எட்டு ஸ்லாட், லக்ஸ்2-ல் 32 வரை. இதனால் என்ன லாபம் என்றால், கடவுச்சொல்லை மாற்ற ஒரு டெராபைட் டிஸ்க்கைத் திரும்பவும் குறியாக்கம் செய்ய வேண்டியதில்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். வீட்டில் இன்னொருவருக்கு அவருக்கென்று ஒரு கடவுச்சொல் கொடுக்கலாம், பிறகு அதை மட்டும் நீக்கலாம். அவசரத்துக்கு ஒரு நீளமான மீட்புச் சாவியைத் தனி ஸ்லாட்டில் போட்டுத் தாளில் எழுதி வைக்கலாம்.

என் கணினியில் இப்போது மூன்று ஸ்லாட் நிரம்பியிருக்கின்றன. ஒன்று நான் தினமும் தட்டுவது. இரண்டாவது மீட்புச் சாவி. மூன்றாவது ஒரு கோப்புச் சாவி, அது வேறொரு பென் டிரைவில் இருக்கிறது. எந்த ஸ்லாட்டில் எது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் லக்ஸ்டம்ப் கட்டளை கொடுத்தால் ஸ்லாட் எண்கள் தெரியும், யாருடையது எது என்று அதற்குத் தெரியாது. எண்ணைத் தவறாகக் கொடுத்து வேண்டிய ஸ்லாட்டையே அழித்துவிடும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. இந்த இடத்தில் கிரிப்ட்செட்டப் பொறுப்பாக நடந்துகொள்கிறது. ஒரு ஸ்லாட்டை அழிக்கச் சொன்னால் மீதமுள்ள ஸ்லாட் ஒன்றின் கடவுச்சொல்லைக் கேட்கும், அதாவது இதை அழித்த பிறகும் உன்னால் உள்ளே வர முடியுமா என்று பார்த்துக்கொள்கிறது. அழிக்கச் சொன்னது கடைசி ஸ்லாட் என்றால் எச்சரித்துவிட்டு, பெரிய எழுத்தில் 'யெஸ்' என்று தட்டினால்தான் நகரும். கேள்வி கேட்காமல் செய் என்ற விருப்பத்தோடு கட்டளை கொடுத்தால் இந்தக் காவலெல்லாம் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை அப்படியே எடுத்து ஒட்டுபவர்கள் அந்த ஒன்றை மட்டுமாவது கவனித்துப் பாருங்கள்.

கடவுச்சொல் தட்டியதும் ஓரிரு நொடி யோசிக்கிறதே, அது கோளாறு இல்லை. லக்ஸ்2 வழக்கமாக ஆர்கான்2 என்ற முறையைப் பயன்படுத்துகிறது, 2015-ல் கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றும் ஹாஷ் முறைகளுக்காக நடந்த திறந்த போட்டியில் தேர்வானது அது. வேண்டுமென்றே நேரத்தையும் நினைவகத்தையும் விழுங்கும்படி செய்தது, திருடன் ஒரு நொடியில் கோடிக்கணக்கான ஊகங்களைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காக. எவ்வளவு விழுங்க வேண்டும் என்பதை ஸ்லாட்டை உருவாக்கும் கணினியில்தான் அளந்து பார்க்கும். ஆகவே வலுவான கணினியில் பூட்டிய டிஸ்க்கைக் கழற்றிப் பழைய கணினியில் மாட்டினால் திறக்க நெடுநேரம் ஆகலாம். நின்றுபோய்விட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். கடவுச்சொல் தவறாக இருந்தால் ஒவ்வொரு ஸ்லாட்டாக முயன்றுவிட்டுத்தான் இல்லை என்று சொல்லும், அதனால் தவறான கடவுச்சொல்லுக்குச் சரியானதைவிட அதிக நேரம் எடுக்கும்.

சரி, ஹெடருக்கு வருகிறேன். இந்த மதிப்புரையில் ஒரே ஒரு பத்தி படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். லக்ஸ்2-ன் ஹெடர் பகுதி வழக்கமாக 16 மெபிபைட். ஒரு புகைப்படம் பிடிக்கும் இடம். அது போனால் டிஸ்க்கில் மற்ற எல்லாம் முழுசாக இருந்தும், கடவுச்சொல் நன்றாக நினைவிருந்தும், எதுவும் வராது, எந்த மீட்பு நிபுணராலும் வராது. ஹெடரின் விவரப் பகுதிக்கு உள்ளேயே ஒரு நகல் உண்டு, ஆனால் சாவி இருக்கும் பகுதிக்கு நகல் கிடையாது. அது எப்படிப் போகும் என்று கேட்கலாம். முழு டிஸ்க்கையும் பூட்டிய வெளி ஹார்ட் டிஸ்க்கை லக்ஸ் தெரியாத வேறொரு இயங்குதளத்தில் செருகினால், இது காலி டிஸ்க் மாதிரி தெரிகிறது, தயார் செய்யட்டுமா என்று கேட்கும். சரி என்று ஒரு சொடுக்கு போதும். அதனால் நிறுவிய அன்றைக்கே ஹெடரை நகலெடுத்து டிஸ்க்குக்கு வெளியே வையுங்கள், லக்ஸ்ஹெடர்பேக்கப் என்று ஒரே கட்டளை. கடவுச்சொல்லை மாற்றினால் புதிய நகல் எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள். பழைய நகலில் பழைய ஸ்லாட்டுகள் அப்படியே இருக்கின்றன, மூலச் சாவியோ மாறவில்லை, ஆகவே நீக்கிவிட்டோம் என்று நினைத்த பழைய கடவுச்சொல்லும் அந்தப் பழைய நகலும் ஒருவர் கையில் சேர்ந்தால் டிஸ்க் திறந்துவிடும். பலருக்கு இது தெரிவதில்லை.

இனி பூட் ஆகாத கதைகள்.

முதல் முறை நடந்தது சாதாரண விஷயம். பூட் பகுதி குறியாக்கம் இல்லாமல் தனியாக, சிறியதாக இருக்கும். லினக்ஸின் மைய நிரலான கர்னலின் பழைய பதிப்புகள் அங்கே சேர்ந்துகொண்டே போய் இடம் தீர்ந்திருந்தது. ஒரு நாள் புதுப்பிப்பு ஓடும்போது நூறு வரிகளுக்கு நடுவே இடம் இல்லை என்று ஒரு வரி ஓடியிருக்கிறது, நான் பார்க்கவில்லை. கர்னலோடு கூடவே ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தற்காலிக அமைப்பு அரைகுறையாக எழுதப்பட்டுவிட்டது. கடவுச்சொல் கேட்கும் பெட்டியே அதற்குள்தான் இருக்கிறது, அது ஏறாவிட்டால் கேட்க ஆளில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன், கடவுச்சொல் பெட்டி வந்தது, உயிரும் வந்தது. பழையவற்றை நீக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்ப உருவாக்கியதும் சரியாகிவிட்டது. கால் மணி நேர வேலை.

இரண்டாவதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றது. புதிய எஸ்எஸ்டி வாங்கி, அதில் புதிதாக லக்ஸ் பூட்டுப் போட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து கோப்புகளையெல்லாம் நகலெடுத்தேன். ஒவ்வொரு லக்ஸ் பகுதிக்கும் தனி அடையாள எண் உண்டு, புதிதாக உருவாக்கினால் எண்ணும் புதிது. பூட் ஆகும்போது எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது கிரிப்ட்டேப் என்ற கோப்பு. நகலெடுத்து வந்த கிரிப்ட்டேப்பில் பழைய எண்ணே இருந்தது. மறுபடி இயக்கினால் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, இந்த அடையாள எண்ணோடு எதுவும் இல்லை, கட்டளை தட்டும் ஷெல்லுக்குப் போகிறேன் என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக்கும் கர்சர். கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை.

நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவிலிருந்து பூட் செய்தேன். முதல் வேலையாகக் கிரிப்ட்செட்டப்பில் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன், திறந்தது. அந்த நொடியில் பாதிப் பயம் போய்விட்டது. யாருக்கு இந்த நிலைமை வந்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்: வெளியிலிருந்து பூட்டு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் உங்கள் கோப்புகள் பத்திரம், மீதியெல்லாம் பொறுமையாகச் செய்துகொள்ளலாம், வேண்டுமானால் முதலில் முக்கியமானதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டே செய்யலாம். அப்புறம் லினக்ஸ் இருக்கும் ரூட் பகுதியை மவுண்ட் செய்து, அதாவது கோப்புகள் தெரியும்படி இணைத்து, பூட் பகுதியையும் பூட் ஆகத் தேவையான கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பகுதியையும் அதன் இடத்தில் சேர்த்து, சிஎச்ரூட் என்ற கட்டளையால் டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள்ளேயே போய், கிரிப்ட்டேப்பில் எண்ணைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினேன். ஏதோ ஒரு எச்சரிக்கை வரி வந்தது. இது வழக்கமாக வருவதுதான் என்று விட்டுவிட்டேன். மறுபடி இயக்கினால் அதே கறுப்புத் திரை, அதே கர்சர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. பென் டிரைவிலிருந்து டிஸ்க்கைத் திறக்கும்போது திறந்த பகுதிக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நான் கைக்கு வந்ததைக் கொடுத்திருந்தேன், கிரிப்ட்டேப்பில் இருந்ததோ வேறு பெயர். இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் நிரல் இப்போது ரூட் எந்தப் பெயரில் திறந்திருக்கிறது என்று பார்த்து, அதே பெயரைக் கிரிப்ட்டேப்பில் தேடுகிறது. பொருந்தவில்லை என்றால் திறக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டி, பூட்டைத் திறக்கும் பகுதியையே சேர்க்காமல் விட்டுவிடுகிறது. நான் கவனிக்காமல் விட்ட எச்சரிக்கை வரி சொன்னது அதைத்தான். மூடிவிட்டு, கிரிப்ட்டேப்பில் உள்ள அதே பெயரில் திறந்து, மீண்டும் உருவாக்கியதும் கடவுச்சொல் பெட்டி வந்து நின்றது. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இதை எந்த வழிகாட்டியிலாவது தடித்த எழுத்தில் போட்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு மிச்சம்.

மூன்றாவது தங்கையுடையது. அவள் தினமும் நீளமான கடவுச்சொல் தட்ட வேண்டாமே என்று சாவிகளைப் பத்திரமாக வைக்கக் கணினியிலேயே இருக்கும் டிபிஎம் என்ற சில்லில் ஒரு சாவியைப் பதிந்து கொடுத்திருந்தேன். லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில், 2021-ல் வந்த 248-ம் பதிப்பிலிருந்து, இதற்குக் கிரிப்ட்என்ரோல் என்ற கட்டளை இருக்கிறது. கணினி பூட் ஆகும் விதம் மாறாமல் இருந்தால் சில்லு சாவியைக் கொடுக்கும், மாறினால் கொடுக்காது. ஒன்றரை வருடம் அழகாக ஓடியது. ஒரு நாள் மடிக்கணினி நிறுவனத்தின் ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு தானாக ஏறியிருக்கிறது.

"அண்ணா, பூட் பண்ண ஒண்ணுமே இல்லன்னு சொல்லுதுண்ணா."

புதுப்பிப்பு பழைய பூட் பட்டியலை அழித்திருந்தது. பூட் மெனுவில் டிஸ்க்கையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இஎஃப்ஐ பகுதியில் மாற்று வழிக்கென்று ஒரு கோப்பு இருப்பதால் கிரப் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டது, சில்லு கைவிரித்துவிட்டது. ஒன்றரை வருடமாக ஒரு முறைகூடத் தட்டாத கடவுச்சொல் அவளுக்கு எப்படி நினைவிருக்கும்?

நல்ல வேளையாக மீட்புச் சாவியின் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. அதே கிரிப்ட்என்ரோல் உருவாக்கித் தருவதுதான், 64 எழுத்து, எட்டெட்டாக எட்டுக் கூட்டம், நடுவில் சின்னக் கோடு. எல்லா எழுத்துகளையும் பயன்படுத்தாது, உலகின் பெரும்பாலான விசைப்பலகை அமைப்புகளில் ஒரே இடத்தில் இருக்கும் 16 ஆங்கில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பூட் ஆகும் நேரத்தில் விசைப்பலகை வேறு அமைப்பில் இருந்தாலும் சாவி கெட்டுப்போகாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். யோசித்துச் செய்த வேலை. ஆனால் போனில் படித்துக் காட்டும்போது அந்தப் பதினாறில் பி, டி, இ, ஜி, வி எல்லாம் காதில் ஒன்றுபோலத்தான் விழுகின்றன. திரையிலோ வெறும் புள்ளிகள். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை அவளை ஒரு தாளில் முழுக்க எழுத வைத்து, கூட்டம் கூட்டமாக அவளைத் திருப்பிப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்து, பிறகு தட்டச் சொன்னேன். திறந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதில் என் தவறு ஒன்று இருந்தது. சில்லில் பதியும்போது எந்தெந்த அளவீடுகள் மாறாமல் இருக்க வேண்டும் என்று தேர்வு செய்யலாம். நான் 0, 7 இரண்டையும் சேர்த்திருந்தேன். 0 என்பது ஃபர்ம்வேரின் அளவீடு, ஒவ்வொரு ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கும் அது மாறும். 7 என்பது செக்யூர் பூட்டின் நிலை, நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் பூட் ஆக விடும் வசதி அது. வீட்டுக் கணினிக்கு 7 மட்டும் போதும் என்பது என் கருத்து. அதுவும் செக்யூர் பூட்டின் சாவிப் பட்டியல் மாறினாலோ, அதை அணைத்தாலோ மாறத்தான் செய்யும். ஆக, டிபிஎம் ஒரு வசதி, அது மட்டுமே கதவாக இருக்கக் கூடாது.

மற்ற இயங்குதளங்களிலும் இதே பிரச்சினைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, சரிசெய்யும் வழி எளிதாகத்தான் இருந்தது, ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்தக் கோப்பைத் தொடுவதற்கே 48 இலக்க மீட்பு எண் வேண்டியிருந்தது. அந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

லக்ஸில் குறை என்று சொன்னால், தவறு நேரும்போது அது பேசும் மொழி. இந்தக் கடவுச்சொல்லுக்குச் சாவி எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே வரி. கடவுச்சொல் தவறா, விசைப்பலகை அமைப்பு வேறா, கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா, ஸ்லாட்டே கெட்டுப்போயிருக்கிறதா, எதற்கும் அதே வரிதான். பாதுகாப்புக் காரணமாக அதிகம் சொல்ல முடியாது என்பது புரிகிறது, ஆனாலும் பதறி நிற்பவருக்கு அது போதாது. இன்னொன்று, பூட் பகுதியையும் சேர்த்துப் பூட்டும் ஆசை பலருக்கு வரும். அப்போது கிரப்தான் பூட்டைத் திறக்க வேண்டும். 2021-ல் வந்த கிரப் 2.06 லக்ஸ்2-ஐத் திறக்கும், ஆனால் ஆர்கான்2 புரியாது, பழைய பிபிகேடிஎஃப்2 என்ற முறையில் பூட்டிய ஸ்லாட் வேண்டும். திறக்க நேரமும் அதிகம், பல பதிப்புகளில் ஒரு முறை தவறாகத் தட்டினாலே கிரப்பின் மீட்புக் கட்டளை வரிக்குத் தள்ளிவிடும். வீட்டுக் கணினிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்க் பழுதாவதற்கும் லக்ஸுக்கும் சம்பந்தமில்லை, தனியாகக் காப்புப் பிரதி எடுக்காதவர்கள் இதைப் போடவே வேண்டாம். எடுப்பவர்களுக்கு, குறிப்பாக மடிக்கணினியை வெளியே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு, இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. போட்டவர்கள் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்புச் சாவியைச் சோதித்துப் பாருங்கள். டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் என்ற விருப்பத்தோடு கொடுத்தால் எதையும் திறக்காமல் சரியா தவறா என்று மட்டும் சொல்லும். ஹெடர் நகலையும் அதே கட்டளையில் சுட்டிக்காட்டிச் சோதிக்கலாம். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன், தாளைப் பார்த்துத் தட்டுவது உட்பட ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

தங்கையின் கணினியில் டிபிஎம் ஸ்லாட்டை அழித்து, 7-ஐ மட்டும் வைத்து, ஒரு பின் எண்ணோடு புதிதாகப் பதிந்து கொடுத்தேன். மீட்புச் சாவியை அவளே தன் கையெழுத்தில் எழுதி, சான்றிதழ்கள் வைக்கும் கோப்புறையில் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு எட்டு எழுத்துக்கும் அடியில் கோடு போட்டு, கூட்டத்துக்கு ஒரு எண் கொடுத்து.